கூப்பிடாமல் நான் போனதில்லை

சேர், இந்த மேசையை ஜன்னல் பக்கமாகப் போட்டிருந்தால் உங்கள் போனுக்கு இன்னும் இரண்டு கோடு கூடுதலாக வந்திருக்கும். நேற்றிலிருந்து கவனிக்கிறேன். யாராவது கூப்பிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்த்தான் பேசுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு அலுமாரிதான் காரணம். சிக்னல் மரத்துக்குள்ளால் போகும், ஓட்டுக்குள்ளால் போகும், செங்கல் சுவரையும் ஓரளவு துளைத்துப் போய்விடும். இரும்பையும் தண்ணீரையும் கருங்கல்லையும் கண்டால் நின்றுவிடும். அலுமாரியை நகர்த்த முடியாதென்றால் மேசையை நகர்த்துங்கள். சின்ன வேலை.

வாக்குமூலத்தை அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் விருப்பம். ஒரு விஷயத்தை அதன் அடியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மேசையில் இருக்கிற கறுப்புப் பை என்னுடையது. அதற்குள் தட்டையாக, வெள்ளையாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கிறதே, அதுதான் அக்சஸ் பொயின்ட். தொழிலில் ஏ.பி. என்போம். ஹோட்டல்களின் கூரையில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இது கூரைக்குப் போகிற ஏ.பி. அல்ல, என்னோடு திரிகிற ஏ.பி. பக்கத்தில் இருப்பது பற்றரி. மடித்து வைத்திருக்கும் மூன்று கால் தாங்கியை விரித்தால் ஓர் ஆள் உயரத்துக்கு வரும். நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் வைஃபை போட வேண்டும் என்றால், நான் நேரே போய்க் கூரையில் துளை போடுவதில்லை. துளை போட்ட பிறகு இங்கே வேண்டாம், அங்கேதான் சரி என்று சொல்ல முடியாதே. முதலில் தாங்கியில் இதை வைப்பேன். பற்றரியைக் கொடுப்பேன். பிறகு லப்டொப்பைக் கையில் பிடித்தபடி ஒவ்வோர் அறையாக நடப்பேன். எந்த மூலையில் சிக்னல் சாகிறது, எந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது, நீச்சல் குளத்துக்கு அப்பால் எவ்வளவு போகிறது, எல்லாம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எல்லை போடுகிற வேலை சேர் அது. எனக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் இல்லை.

பைக்குப் பக்கத்தில் பொலித்தீன் உறைக்குள் இருப்பது மெலனியின் போன். அதை யாரோ சார்ஜ் பண்ணி வைத்திருக்கிறீர்கள். நல்லது.

மெலனி என் நண்பன் கிறிஸ்தோபரின் மனைவி. கிறிஸ்தோபரும் நானும் ஒரே வகுப்பு. அவன் தகப்பனோடு கடலுக்குப் போனான், நான் கம்பிகளோடு போனேன். அவன் என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை. "மச்சான், கடலுக்கும் ஒரு வைஃபை போடன்ரா, சுறாவுக்கும் பாஸ்வேர்ட் குடுப்பம்" என்பான். பைபர் வள்ளம் ஒன்றும் எஞ்சின் ஒன்றும் அவனுக்குச் சொந்தம். கூடப் போகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முனீப். முனீப் கடலுக்குப் போன் கொண்டு போக மாட்டார். ஒன்றைக் கடலுக்குக் கொடுத்த பிறகு எடுத்த முடிவு.

கிறிஸ்தோபரின் வீடு உவர்மலையின் பின்சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, ஒரு பெரிய கருங்கல் பாறைக்குக் கீழே இருக்கிறது. அழகான இடம். ஆனால் டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பாறை. வீட்டுக்குள் ஒரு கோடு கூட வராது. ஒழுங்கை முனையிலிருக்கும் கடைவரை நடந்தால்தான் போன் போனாகும். கலியாணம் முடித்து வந்த புதிதில் மெலனி கேக் அடித்து விற்கத் தொடங்கினார். ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். வந்ததைப் பார்க்க ஒழுங்கை முனைக்கு ஓட வேண்டும். கிறிஸ்தோபர் என்னிடம் வந்தான். நான் கூரைக்கு மேலே இரும்புக் குழாய் ஏற்றி, பாறையைத் தாண்டிச் சிக்னல் பிடிக்கிற உயரத்தில் ஒரு பெட்டியை வைத்து, வயரைக் கீழே இறக்கி, முன் அறையில் ரவுட்டர் பூட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. நெட்வேர்க்குக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது இரண்டு பெயரையும் சேர்த்து 'கிறிஸ்மெல்' என்று வைத்தார்கள். பாஸ்வேர்ட்டை நான் போட்டுக் கொடுத்தேன். ஆகவே அது எனக்கும் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கரைக்குத் திரும்பும் வழியில், போனுக்குச் சிக்னல் எட்டியதும் கிறிஸ்தோபர் மெலனிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோல் எடுப்பான். அவர் எடுக்கவும் வேண்டியதில்லை. மணி அடித்தால் போதும், மெலனி உலை வைத்துவிடுவார். அவன் வள்ளத்தை ஏற்றி, மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர, சோறு வடித்து முடிய, கணக்குச் சரியாக இருக்கும். அதற்கு அவர்கள் வீட்டில் 'உலைக் கோல்' என்று பெயர். கரையில் அநேகம் வீடுகளில் இப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் பெயர் வைத்துக் கூப்பிட்டது இவர்கள்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு பழைய களஞ்சியத்துக்கு நெட்வேர்க் போடும் வேலை வந்தது. தடித்த செங்கல் சுவர். அந்த மாதிரிச் சுவரில் இந்த ஏ.பி. எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, கிறிஸ்தோபரின் வீட்டுப் பின்சுவர் தோதாக இருந்தது. சுவருக்கு அப்பால், கொஞ்சம் மேட்டில், பாறை மறிக்காத இடத்தில், மேல் வீதியின் வளைவு. அங்கே என் வான் வண்டியை நிறுத்தி, ஏ.பி.யைப் போட்டு, சும்மா ஒரு பெயர் வேண்டுமே என்று 'கிறிஸ்மெல்' என்றே வைத்தேன். பாஸ்வேர்ட்டும் அதே. இறங்கிச் சுற்றி வந்து, குசினிக்குள், அடுப்பருகே நின்று லப்டொப்பைப் பார்த்தால், மெலனியின் போன் வீட்டு ரவுட்டரை விட்டுவிட்டு என் ஏ.பி.க்கு வந்திருந்தது.

இது எப்படி என்று சொல்கிறேன், சுவையான விஷயம். போன் பார்ப்பது இரண்டே இரண்டு. பெயர் சரியா, பாஸ்வேர்ட் சரியா. இரண்டும் ஒத்துப்போனால், இது நம் வீடு என்று அது நினைத்துவிடும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது உரக்கக் கூப்பிடுகிறதோ அதனிடம் போகும். வீட்டு ரவுட்டர் முன் அறையில். குசினி பின்னால். என் ஏ.பி.தான் கிட்ட. பெயருக்குப் பின்னால் நிற்பது யார் என்று போன் கேட்பதில்லை. அப்படிக் கேட்க அதற்குத் தெரியாது.

என் ஏ.பி.க்குப் பின்னால் அன்று இன்டர்நெட் இருக்கவில்லை. மெலனி போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அஞ்சலோ அண்ணா, நெட் போயிட்டுது. பாருங்கோ, ஒரு ஆள் கேக்கின்ர படம் கேட்டுக்கொண்டிருக்கிறா." நான் வானுக்குப் போய் ஏ.பி.யை நிறுத்திவிட்டு வந்தேன். நெட் வந்தது. அவருக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது. போய் வந்தேன், வந்துவிட்டது. அவ்வளவுதான் தெரியும். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது அண்ணா" என்றார்.

அந்த வசனம்தான் சேர். வேறெதுவும் இல்லை.

நேற்று நீங்கள் காதலா என்று கேட்டீர்கள். உங்கள் வேலைக்கு அப்படி ஒரு சொல் தேவைப்படலாம். நான் பாலையூற்றில் தனியாக இருக்கிறேன், அது உண்மை. மெலனியை ஒரு விரலால் தொட்டதில்லை, தொட நினைத்ததும் இல்லை. அவருடைய செய்தி ஒன்றைக்கூட வாசித்ததில்லை. வாசிக்கவும் முடியாது, எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகும். எனக்கு வேண்டியது அதல்ல. கூரையில் ஏறி நான் குழாயைத் திருப்பும்போது கீழே ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இப்ப ஒரு கோடு வந்திட்டுது, ஓம், இப்ப ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது. ஹோட்டல்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைசிக் கணக்கில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பார்கள்.

ஆகவே சில வேளைகளில் மேல் வீதி வளைவில் வானை நிறுத்தினேன். முதலில் எப்போதாவது. பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்தால். பிறகு வேலை இல்லாவிட்டாலும். கொஞ்சம் மெருகுபடுத்தவும் வேண்டியிருந்தது. இன்டர்நெட் இல்லாத வைஃபையைப் போன் நெடுநேரம் வைத்திருக்காது. அது அடிக்கடி தூரத்தில் ஓரிடத்துக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பார்க்கும். பதில் வந்தால் எல்லாம் சரி என்று இருந்துவிடும். நான் என் டேட்டா சிம்மைக் கொடுத்து அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வழி விட்டேன். மற்ற எல்லாவற்றையும் மறித்தேன். போனின் மூலையில் வைஃபை அடையாளம் முழுதாக நிற்கும். ஆனால் ஒன்றும் வராது, ஒன்றும் போகாது. இந்தத் திருகோணமலையில் வேறு எவரும் அப்படிச் செய்து கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு மெலனி ஒழுங்கை முனைக் கடைக்கு நடந்து போய் எனக்குக் கோல் எடுப்பார். வீட்டில் வைஃபை வந்த பிறகு அவர் போனுக்கு டேட்டா போடுவதில்லை, அங்கே சாதாரணக் கோல் மட்டும்தான் போகும், வாட்ஸ்அப் வராது. கடை முன்பக்கம், நான் பின்பக்கம் மேட்டில், பார்க்க முடியாது. "அண்ணா, திருப்பியும் போயிட்டுது. குறை நினையாதேங்கோ, நேரம் இருந்தால் ஒருக்கால் வாறீங்களோ." நேரம் இருக்கிறது என்பேன். பாலையூற்றிலிருந்து வர எடுக்கிற நேரம்வரை வானுக்குள்ளேயே இருப்பேன். அதன்பிறகு ஏ.பி.யை நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய், முன்வாசலில் இறங்கி ஏணியைச் சாத்துவேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து பதியுங்கள். அந்த முதல் நாளுக்குப் பிறகு, அந்த வீட்டுக்கு அவர் கூப்பிடாமல் நான் ஒரு நாளும் போனதில்லை.

ஒரு முறை, பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கிற நாளுக்கான கேக் ஒன்றின் ஓடர் கைவிட்டுப் போனது. பெரிய கேக். பதில் வரவில்லை என்று அவர்கள் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். மெலனி குசினி வாசலில் இருந்து அழுதார். "நான் என்ன அண்ணா செய்யிறது, அவையள் நினைப்பினம் நான் கெப்பர், திமிர் பிடிச்சவள் எண்டு." எனக்கும் கஷ்டமாக இருந்தது. அன்று வழக்கத்தைவிட நேரம் எடுத்து, கூரையில் துருப்பிடித்த கிளிப்புகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தேன்.

இனி அந்த நாள்.

கச்சான் காலம். வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது, உங்களுக்கு விளங்கும். கச்சான் மேற்கேயிருந்து, தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. வெள்ளனக் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். எஞ்சின் ஓடுகிறவரை பிரச்சினை இல்லை. எஞ்சின் நின்றால், வாடைக் காலத்தில் போல வள்ளம் கரைக்கு ஒதுங்காது. வெளியே போகும். போய்க்கொண்டே இருக்கும்.

நான் வளைவில் வானில் இருந்தேன். ஏ.பி. ஓடிக்கொண்டிருந்தது. மெலனி இன்னும் கடைக்கு வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அடுப்புப் பெட்டிக்குள் கேக் வைத்துவிட்டு, அது வேகும்வரை விட்டுப்போக முடியாமல் இருந்திருக்கிறார். அப்போது என் போன் அடித்தது. மெலனி என்று நினைத்து எடுத்தேன். கிறிஸ்தோபர். காற்றின் சத்தத்துக்குள் அவன் கத்துவது கேட்டது.

"மச்சான், எஞ்சின் செத்துப்போச்சு. குச்சவெளிக்கு வெளியால நிக்கிறம். கச்சான் இழுக்குது. மெலனிக்கு அடிச்சனான், போகுதில்லை. நீ ஒருக்கால் போய்ச் சொல்லு. மீனவர் சங்கத்து ஆக்களை உடன அனுப்பச் சொல்லு, குச்சவெளிக்கு நேர வெளியால எண்டு சொல்லு. பற்றரி முடியப் போகுது."

"ஓம் மச்சான், சொல்லுறன்" என்றேன்.

"உன்ர நெட் திருப்பியும் படுத்திட்டுது போல. அதையும் பார்" என்றான். சிரித்தான். பிறகு வெட்டுப்பட்டது.

அவனுடைய பற்றரி ஏன் அவ்வளவு விரைவாக இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். டவர் தூரமானால் போன் அதற்குக் கேட்கும்படி உரத்துக் கத்த வேண்டியிருக்கும். கத்தக் கத்தப் பற்றரி இறங்கும். கரையில் ஒரு நாள் நிற்கிற பற்றரி அங்கே அரை நாள் நிற்காது. பாவம், அதற்குள் அவன் இரண்டு கோல் எடுத்திருக்கிறான். முதலாவது மெலனிக்கு. அந்தக் கோல் வந்து நின்ற இடம் என் மடியிலிருந்த இந்த ஏ.பி. இரண்டாவது எனக்கு.

சொல்லுறன் என்று நான் சொன்னது பொய்யில்லை. சொல்லத்தான் நினைத்தேன். வான் சாவியையும் திருகினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சுற்றிக்கொண்டு போய் முன்வாசலில் நான் நின்றால், கிறிஸ்தோபர் எப்போது கோல் எடுத்தான் என்று மெலனி கேட்பார். இப்போதுதான் என்றால், பாலையூற்றிலிருந்து இப்போதே எப்படி வந்தீர்கள் என்பார். நேரத்தைக் கூட்டிச் சொன்னால், போனில் நேரம் இருக்கிறது. அத்தோடு, என்னைக் கூப்பிடவும் இல்லை. சங்கத்துக்கு நானே கோல் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். எடுத்திருக்கலாம். அவர்களும் மெலனியிடம் ஓடி வருவார்கள். அவன் எடுத்த கோல் ஏன் உனக்கு வரவில்லை என்பார்கள். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி மேல் வீதி வளைவில்தான் வந்து நிற்கும். சாவியைத் திருப்பி அணைத்தேன். மெலனி கூப்பிடட்டும், போய்ச் சொல்லிவிடலாம், கொஞ்ச நேரம்தானே என்று இருந்தேன்.

கேக் வெந்து முடிந்தபிறகு கூப்பிட்டார். பாலையூற்றிலிருந்து வரும் நேரத்தையும் வானுக்குள்ளேயே கழித்தேன். பழகிய கை, சேர். அது தன்பாட்டில் வழக்கத்தைச் செய்கிறது.

ஏ.பி.யை நிறுத்தினேன். ஏணியைச் சாத்தினேன். குழாயைத் தொட்டேன். கீழேயிருந்து மெலனி, "வந்திட்டுது அண்ணா" என்றார். பிறகு அவர் குரல் மாறியது. மகிழ்ச்சியாக. "அட, அவரும் எடுத்திருக்கிறார். பாருங்கோ, உலைக் கோல் தவறிப் போச்சு. இண்டைக்கு வெள்ளன வாறார் போல, மீன் பட்டிருக்கு."

வாட்ஸ்அப்பில் அப்படித்தான். போன் தொடர்பில்லாமல் கிடக்கும்போது வந்த கோல், தொடர்பு வந்ததும் தவறிய கோலாக வந்து நிற்கும். யார், எப்போது என்று மட்டும் சொல்லும். என்னத்துக்கு என்று சொல்லாது.

திருப்பி எடுத்துப் பார்த்தார். போன் நிறுத்தியிருந்தது. "பற்றரி முடிஞ்சிருக்கும்" என்றார். "ஓம், பற்றரிதான்" என்றேன். அது உண்மை.

அவர் அரிசி களைந்தார். நான் குசினிக் கதிரையில் இருந்தேன். தண்ணீரை வடித்து ஊற்றியதைப் பார்த்தேன், பானையை அடுப்பில் வைத்ததைப் பார்த்தேன். கேக்கின் மேலே பொங்கி நிற்கிற திமிலை வெட்டித்தானே தட்டையாக்குவார்கள், அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்துத் தேத்தண்ணியோடு தந்தார். "இது யாருக்கும் போகாது, உங்கட பங்கு" என்றார். சூடாக இருந்தது. சாப்பிட்டேன். வாய் நிறையக் கேக் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமில்லை அது. விழுங்கிய பிறகு சோறு கொதிக்கத் தொடங்கிவிட்டது. உலை கொதிக்கிற வீட்டில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

என்னால் முடியாமல் போய்விட்டது. இதைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிழையை அது நடந்த உடனே சொன்னால் அது பிழை. கொஞ்சம் பிந்தினால் அது வேறு ஒன்றாகிவிடுகிறது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான்.

மெலனி சோற்றை மூடி வைத்துக்கொண்டு பின்னேரம்வரை காத்திருந்தார். உலைக் கோல் வந்ததால் அவருக்குப் பயம் வரவில்லை. கரைக்கு வந்துவிட்டான், எங்கோ கதைத்துக்கொண்டு நிற்கிறான் என்று இருந்திருக்கிறார். சோறு ஆறியபிறகுதான் கடற்கரைக்கு நடந்தார். வள்ளம் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது.

பொழுதுபடும்போது நானும் போனேன். அவர் கூப்பிட்டார். கரை நிறைய ஆட்கள். கிண்ணியாவிலிருந்து முனீபின் வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். சங்கத்து வள்ளங்கள் இறங்கின. இந்தக் காலத்தில் கிறிஸ்தோபர் வழமையாகத் தெற்கே, மூதூர்ப் பக்கந்தான் போவான் என்று யாரோ சொன்னார்கள். எல்லா வள்ளமும் தெற்கே திரும்பின. குச்சவெளி இருப்பது வடக்கே. "வடக்கையும் பார்க்கலாம்" என்று நான் ஒரு முறை சொன்னேன். இதையும் பதியுங்கள். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொல்லவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. வந்தவர்களில் எத்தனையோ பேரின் போனில் டேட்டா இல்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபடி. வானிலிருந்து தாங்கியை எடுத்து மணலில் ஊன்றினேன். ஏ.பி.யை வைத்தேன். பற்றரியைக் கொடுத்தேன். இந்த முறை எதையும் மறிக்கவில்லை, எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் கேட்டவர்களுக்குச் சொன்னேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முனீபின் மனைவி கட்டாரிலிருக்கும் தன் தம்பியோடு பேசினார். பேசி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் ஒங்களுக்கு நல்லருள் தருவான் தம்பி" என்றார். ஒரு கிழவர் போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து வாசித்தார். "கிறிஸ்மெல். பார், அவன்ர பேரையே போட்டிருக்கிறான். சிநேகிதன் எண்டால் இவன்தான்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பெயரை மாற்ற மறந்துவிட்டேன் என்று. ஒரு புதிய வேலைக்குப் போகும்போது முதலில் பழைய பெயரை அழிப்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின்மேல் மெலனி இருந்தார். அவர் ஒன்றையும் தட்டவில்லை, ஆனால் போன் மடியில் அதிரத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்தார். தாங்கியைப் பார்த்தார். "அண்ணா, எங்கட வீட்டு நெட் எப்பிடி இஞ்ச வந்தது?"

நான் விளக்கினேன். என்னிடம் ஒருவர் எப்படி என்று கேட்டால் விளக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. பெயரும் பாஸ்வேர்ட்டும் ஒத்துப்போனால் போதும் என்றேன். போனுக்கு வீடு எது என்று தெரியாது என்றேன். எது கிட்ட நிற்கிறதோ, எது உரக்கக் கூப்பிடுகிறதோ, அதனிடம் போய்விடும், சுவருக்கு அப்பால் நின்றாலும் சரி என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு விளக்கத்தைக் கடைசிவரை கேட்டது அன்றுதான்.

"சுவருக்கு அங்கால நிண்டாலும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

போனைத் திருப்பி, முகம் கீழே இருக்க, வள்ளத்தின்மேல் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முனீபைத் தூரக் கடலில் ஒரு பலநாள் மீன்பிடிப் படகு தூக்கியது. அவர் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். என்னோடு பேசி முடித்ததும் கிறிஸ்தோபர் போனை நிறுத்தினானாம். மிச்சமிருக்கிற பற்றரியில் பொலிஸ் நூற்றுப்பத்தொன்பதுக்காவது அடிப்போம் என்று முனீப் சொல்ல, இவன் விடவில்லையாம். "அஞ்சலோவிட்டச் சொல்லியாச்சு. அவன் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் செய்து முடிப்பான். தேடி வாறவங்கள் கிட்ட வந்ததும் போடுவம்" என்றானாம். வள்ளம் புரண்டபோது, போன் இருந்த பொலித்தீன் பை அலையில் போக, அதைப் பிடிக்க, வள்ளத்தைப் பற்றியிருந்த கையை விட்டானாம். அதன்பிறகு முனீப் அவனைக் காணவில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் ஓம். மெலனியின் போனை மறித்தது நான். கிறிஸ்தோபர் எங்கே நிற்கிறான் என்று தெரிந்திருந்தது எனக்கு மட்டும். அது உலைக் கோல் அல்ல என்று தெரிந்தும், அவர் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே போன வள்ளங்களுக்குக் கரையில் நின்று கை காட்டினேன். எல்லாவற்றிலும் கையெழுத்து வைக்கிறேன்.

இந்த ஏ.பி. எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னீர்கள் அல்லவா. பற்றரியைக் கொடுங்கள். இந்த வயர் இங்கே. முதலில் சிவப்பு விளக்கு வரும், அது யோசிக்கிற நேரம். கொஞ்சம் பொறுங்கள். இப்போது பச்சை. பெயரை நான் இன்னும் மாற்றவில்லை, கரையில் திறந்துவிட்டதை மறிக்கவும் இல்லை, நீங்கள் பையைக் கொண்டுபோய்விட்டீர்கள்.

அந்தப் பொலித்தீன் உறையைப் பாருங்கள். மெலனியின் போன். வெளிச்சம் வந்துவிட்டது. அதிர்கிறது, கேட்கிறதா. செய்தி செய்தியாக வந்து விழுகிறது.

நீங்கள் சாட்சி, சேர். நான் கூப்பிடவில்லை. தானாகத்தான் என்னிடம் வருகிறது.